வீட்டு இணையத்தையும் தொலைபேசியையும் ஃபைபருக்கு மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதுவரை செம்புக் கம்பி வழியே தொலைபேசியும் இணையமும் பெற்றுவந்த ஒரு வீடு, இரண்டையும் ஒரே ஃபைபர் இணைப்புக்கு மாற்றும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. மாறுவதற்கு முன் பெரும்பாலோர் கேட்பது வேகத்தைப் பற்றி. மாறிய பிறகு குறைபட்டுக்கொள்வதோ தொலைபேசியைப் பற்றி. அதனால் தொலைபேசிக்குக் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

ஃபைபர் என்பது செம்புக் கம்பியிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

செம்புக் கம்பியில் செல்வது மின்சாரம்; ஃபைபரில் செல்வது ஒளி. தொலைபேசிப் பேச்சுக்காகப் போடப்பட்ட செம்பு இணையில் அதிர்வெண் கூடக் கூட இழப்பும் கூடுகிறது. தூரம் கூடினால் இன்னும் மோசம். செம்புக் கம்பியில் இணையம் தரும் ஏடிஎஸ்எல்2+ முறையின் உச்ச வேகம் நொடிக்கு 24 மெகாபிட் என்றாலும், தொலைபேசி இணைப்பகத்திலிருந்து (எக்ஸ்சேஞ்ச்) நான்கைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு அதில் சிறு பங்கே வந்து சேர்வது இதனால்தான். கம்பியின் இணைப்புகளில் மழைநீர் இறங்கினால் கரகரப்பு வேறு.

ஃபைபர் என்பது முடியளவு மெல்லிய கண்ணாடி இழை. அதன் வெளிவிட்டம் 125 மைக்ரோமீட்டர். ஒளி செல்லும் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் மட்டுமே. கண்ணாடியில் ஒளி வெகுதூரம் செல்லாமல் மங்குவதற்குக் கண்ணாடியின் இயல்பைவிட அதில் கலந்துள்ள மாசுகளே முதன்மைக் காரணம் என்று 1966இல் சார்லஸ் காவும் ஜார்ஜ் ஹாக்கமும் எழுதினார்கள். கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் (இழப்பை அளக்கும் அலகு; 3 டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகிறது) என்ற அளவுக்கு இழப்பைக் குறைத்தாலே செய்தித் தொடர்புக்குப் போதும் என்பது அவர்கள் கணக்கு. 1970இல் கார்னிங் நிறுவனத்தார் அதை எட்டிக் காட்டினார்கள். காவுக்கு 2009இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில், இழப்பு மிகக் குறைவாக உள்ள 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவே இழப்பு. அதாவது 15 கிலோமீட்டர் கடந்த பின்னும் பாதி ஒளி மிஞ்சுகிறது. எனவே இணைப்பகம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற பழைய கவலை வீட்டு ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் இல்லை.

எங்கள் வீட்டுக்கென்று தனி இழை வருமா, பிறரோடு பகிர்வோமா?

கடைசிப் பகுதியில் இழை உங்களுடையது. அதற்கு முந்திய தூரம் பகிரப்படுவது. இணைப்பகத்திலிருந்து புறப்படும் ஓர் இழையின் ஒளியைத் தெருவிலுள்ள பிரிப்பான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்ந்து அனுப்புகிறது. அந்தப் பிரிப்பான் மின்சாரமே தேவைப்படாத வெறும் கண்ணாடிப் பொருள். இப்படிப் பகிரும் முறைகளுள் பரவலாக உள்ள ஜிபானில் அந்த வீடுகள் அனைத்துக்கும் சேர்த்து இறக்கத்துக்கு (டவுன்லோட்) நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட்டும், ஏற்றத்துக்கு (அப்லோட்) 1.25 கிகாபிட்டும் உண்டு. புதிய எக்ஸ்ஜிஎஸ்-பான் முறையில் இரு திசையிலும் 10 கிகாபிட். எல்லாரும் ஒரே நொடியில் முழுவேகம் கேட்பது அரிது என்பதால், நிறுவனம் ஒரே இழையில் அளவுக்கு மீறி வீடுகளைக் குவிக்காதவரை பகிர்வு உங்களுக்குத் தெரியாது.

இறங்கிவரும் ஒளி எல்லா வீடுகளையும் எட்டுகிறதென்றால் பக்கத்து வீட்டுக்காரர் நம் தரவைப் படிக்கலாமே என்று சிலர் ஐயப்படுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்குமான தரவைத் தனித்தனித் திறவுகோலால் மறையாக்கம் செய்யும் ஏற்பாடு இந்த முறையிலேயே உண்டு. உங்கள் வீட்டில் ஒளியை மின்குறியாக மாற்றும் ஃபைபர் பெட்டி உங்களுக்கானதை மட்டுமே பிரித்தெடுக்கும்.

ஃபைபர் என்று விற்கப்படுவதெல்லாம் வீடுவரை ஃபைபர்தானா?

இல்லை. தெருமுனைப் பெட்டிவரை ஃபைபர் வந்து, அங்கிருந்து பழைய செம்புக் கம்பியிலோ தொலைக்காட்சிக் கேபிளிலோ வீட்டுக்கு வரும் இணைப்பையும் அதே பெயரில் விற்பதுண்டு. பதிவு செய்வதற்கு முன், "என் வீட்டுச் சுவரைத் துளைத்து உள்ளே வருவது கண்ணாடி இழையா, உலோகக் கம்பியா?" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். சுற்றிவளைத்த பதில் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் பழைய தொலைபேசி எண் அப்படியே இருக்குமா?

எண் மாற்றத்தை நிறுவனங்கள் ஏற்கும் இடங்களில் இருக்கும்; ஆனால் மாற்றும் வரிசை தவறினால் போய்விடும். எண் இழப்புக்கு வழக்கமான காரணம் ஒன்றுதான்: புதிய இணைப்பு உறுதியானதும், சிக்கனம் கருதிப் பழைய இணைப்பை வீட்டாரே முந்திக்கொண்டு துண்டித்துவிடுகிறார்கள். துண்டிக்கப்பட்ட எண்ணைப் புதிய நிறுவனம் கேட்டுப் பெற முடியாமல் போகலாம். எண் உயிரோடு இருக்கும்போதே, அதைத் தம்மிடம் கொண்டுவரும்படி புதிய நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும்; பழைய இடத்திலிருந்து எண் விடுபடுவது அந்த விண்ணப்பத்தின் முடிவாக நடக்க வேண்டுமே தவிர, அதற்கு முன்னால் நடக்கக் கூடாது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறினாலும், பழைய எண்ணே புதிய இணைப்பில் தொடரும் என்பதை எழுத்தில் வாங்கிவையுங்கள். புதிய பதிவுக்குப் புதிய எண் தந்துவிடுவது அங்கேயும் நடக்கக்கூடியதே.

விண்ணப்பத்தில் எழுதும் பெயரும் முகவரியும் பழைய ரசீதில் உள்ளபடியே இருக்கட்டும். காலமான தாத்தாவின் பெயரில் இணைப்பு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். அப்படியானால் பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு, பிறகு எண் மாற்றத்தைத் தொடங்குவது நல்லது. எண் மாறியதும் வெளியிலிருந்து ஓர் அழைப்பு, வீட்டிலிருந்து ஓர் அழைப்பு என இரண்டையும் சோதியுங்கள். இரண்டும் சரியாக வந்த பின்னரே பழைய கணக்கு உண்மையில் மூடப்பட்டதா என்று விசாரியுங்கள்.

இப்போதுள்ள தொலைபேசிக் கருவியையே பயன்படுத்தலாமா?

பொதுவாகப் பயன்படுத்தலாம், சுவரில் செருகியிருந்த தொலைபேசி வயரை இனிமேல் ஃபைபர் பெட்டியிலோ ரவுட்டரிலோ உள்ள தொலைபேசித் துளையில் செருக வேண்டும். உள்ளே நடப்பது மட்டும் வேறு. உங்கள் குரலைப் பெட்டி எண்களாக்கி, இணையத் தரவைப் போலவே பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. குரலை எண்களாக்கும் வழக்கமான குறிமுறையில் ஓர் அழைப்புக்கு நொடிக்கு 64 கிலோபிட்டும், பொட்டலத்தின் மேல் எழுதும் முகவரி போன்ற உறைத்தகவலுடன் சேர்த்து 100 கிலோபிட்டுக்குள்ளும் ஆகும். இணைய வேகத்தில் அது ஒரு பொருட்டே அல்ல.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. சுழற்றி எண் போடும் பழைய கருவிகளின் துடிப்புகளைப் பல பெட்டிகள் புரிந்துகொள்வதில்லை. மணி அடிக்கும், பேசவும் முடியும், ஆனால் வெளியே அழைக்க முடியாது. அடுத்து, வேறு அறைகளிலுள்ள தொலைபேசிச் சுவர்ப்புள்ளிகள் தாமாக உயிர்பெறா. பெட்டியின் தொலைபேசித் துளையிலிருந்து வீட்டு வயரிங்குக்கு இணைப்புக் கொடுத்து அவற்றை இயக்கலாம். ஆனால் தெருவிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பியை வீட்டு வயரிங்கிலிருந்து முற்றிலும் கழற்றிய பிறகே அதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பகத்தின் மின்னழுத்தம் புதிய பெட்டிக்குள் புகுந்து அதைக் கெடுக்கக்கூடும். இதற்கெல்லாம் மெனக்கெடுவதைவிட, ஒரு அடிப்பெட்டியும் இரண்டு மூன்று கைக்கருவிகளும் கொண்ட கம்பியில்லாத் தொலைபேசியை வாங்கிவிடுவது பெரும்பாலான வீடுகளுக்கு எளிய வழி.

மின்சாரம் போனால் தொலைபேசி வேலை செய்யுமா?

நீங்கள் ஏற்பாடு செய்யாவிட்டால் செய்யாது. இந்த மாற்றத்தில் வீட்டார் இழக்கும் ஒரே பெரிய வசதி இதுதான். அது முன்கூட்டியே சொல்லப்படாததால்தான் பலருக்கும் மனக்கசப்பு.

பழைய தொலைபேசிக்கான மின்சாரம் வீட்டிலிருந்து வந்ததே இல்லை. இணைப்பகத்திலுள்ள பேட்டரி வரிசை, பேச்சு செல்லும் அதே செம்பு இணையின் வழியே ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. ஊரே இருளில் கிடந்தாலும் தொலைபேசி ஒலித்ததற்குக் காரணம் அதுவே. கண்ணாடி இழையால் மின்சாரத்தைக் கடத்த முடியாது. அதனால் ஒளியை மின்குறியாக மாற்றும் பெட்டி, ரவுட்டர், கம்பியில்லாத் தொலைபேசியின் அடிப்பெட்டி ஆகிய மூன்றுமே உங்கள் வீட்டுப் பிளக்கை நம்பி நிற்கின்றன. ஒன்று அணைந்தாலும் பேச்சு இல்லை. அதே வேளையில், தெருப் பிரிப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை, இணைப்பகத்தில் மாற்று மின்சாரம் இருக்கும். ஆகவே வீட்டுக்குள்ளே பெட்டிகளை உயிரோடு வைத்திருந்தால் தெருவே இருண்டாலும் இணைப்பு பெரும்பாலும் நீடிக்கும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், இந்தப் பெட்டிகள் செருகப்பட்ட பிளக் அந்தச் சுற்றில் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய யூபிஎஸ் போதும். கணக்கு எளிது: ஃபைபர் பெட்டி 8 வாட், ரவுட்டர் 10 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 18 வாட். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. இழப்புக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். பேட்டரி பழசானால் அந்த நேரம் சுருங்கும். வாங்குமுன், பெட்டியோடு வந்த அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் யூபிஎஸ்ஸின் வெளியீட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். 12 வோல்ட் பெட்டிக்கு 9 வோல்ட் கொடுத்தால் ஓடாது, 5 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் மீளாது.

அவசர அழைப்பு, அலாரம், ஃபேக்ஸ் போன்றவை என்னவாகும்?

அவசர எண்ணுக்கான அழைப்பு ஃபைபரிலும் செல்லும். செம்பு இணைப்பில் அந்தக் கம்பி எந்த வீட்டில் முடிகிறது என்பதே முகவரியாக இருந்தது. இணையவழித் தொலைபேசியில் நிறுவனத்திடம் பதிவாகியுள்ள முகவரிதான் முகவரி. எனவே பதிவில் கதவு எண், மாடி எண்வரை சரியாக இருக்க வேண்டும்.

தொலைபேசி வயரில் தொற்றிக்கொண்டிருக்கும் பிற கருவிகளே கூடுதல் தொல்லை. முதியவர்கள் கழுத்தில் அணியும் உதவிப் பொத்தானின் நிலைப்பெட்டி, திருட்டு அலாரம், லிஃப்டுக்குள் இருக்கும் தொலைபேசி, ஃபேக்ஸ் ஆகியவை குரலை மட்டுமன்றித் தொனிகளையும் நம்பி இயங்குபவை. குரலுக்காக வடிவமைத்த இணையவழிப் பாதையில் அத்தொனிகள் சிதையக்கூடும். ஃபேக்ஸுக்கு டி.38 என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. இரு முனையும் அதை ஏற்க வேண்டும். மற்றவற்றுக்கு, அந்தக் கருவியைப் பராமரிப்பவரிடம் மாறும் தேதியை முன்கூட்டியே சொல்லி, மாறிய அன்றே ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட வேண்டும். உதவிப் பொத்தானை நம்பி ஒருவர் வீட்டில் தனியாக இருக்கிறார் என்றால், அந்தச் சோதனை முடியும்வரை பழைய இணைப்பை விடாதீர்கள். செல்பேசி சிம்மில் இயங்கும் கருவிக்கு மாறிவிடுவது அதைவிடப் பாதுகாப்பு.

பொருத்துநர் வரும் நாளில் நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

வாடகை வீடாயின் சுவரில் துளையிட உரிமையாளரின் ஒப்புதலை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அன்றைக்கு வீட்டில் முடிவெடுக்கக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். துளை எங்கே, கேபிள் எந்தச் சுவரோரம், பெட்டி எந்த அறையில் என்பவை சில நிமிடங்களில் முடிவாகிப் பல ஆண்டுகள் நிலைக்கப் போகின்றவை.

துளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சாய்ந்திருந்தால் மழைநீர் உள்ளே வழியாது. கேபிளைத் துளைக்குள் நேராக நுழைக்காமல், வெளியே கீழ்நோக்கி ஒரு சிறு வளைவு விட்டு நுழைப்பதும் அதற்காகத்தான். வீட்டுக்குள் போடும் இழைகளில் வளைவைத் தாங்கும் வகை உண்டு. தரநிலைப்படி அவற்றுள் ஒரு வகைக்கு 10 மில்லிமீட்டரும், இன்னொரு வகைக்கு 7.5 மில்லிமீட்டரும் குறைந்தபட்ச வளைவு ஆரங்கள். அதற்கும் கூர்மையாக மடித்தால் ஒளி அந்த மடிப்பிலேயே கசிந்துவிடும். கதவிடுக்கில் செருகி ஆணியடித்து இறுக்குவது கூடவே கூடாது.

வேலை முடிந்ததும், இழையின் முனையில் வந்துசேரும் ஒளியின் அளவை மானியில் காட்டச் சொல்லுங்கள். அது டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாக வரும். வீட்டு ஜிபான் பெட்டிகள் பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை ஏற்கும். மைனஸ் 26 என்று காட்டினால் இன்று வேலை செய்யும். இணைப்பில் கொஞ்சம் தூசி படிந்தாலோ கேபிள் சற்றே நெளிந்தாலோ நாளை நின்றுவிடும். 3 டெசிபெல் குறைவதென்றால் ஒளி பாதியாகிறது என்று பொருள். அந்த எண்ணைத் தேதியோடு பெட்டியின் அடியில் எழுதி ஒட்டிவைத்தால், பின்னாளில் பழுதென்று புகார் சொல்லும்போது ஒப்பிட ஓர் அளவு கையில் இருக்கும். இரண்டு நிமிட வேலைதான். கேட்பவர்கள் மிகக் குறைவு.

பெட்டியை எங்கே வைப்பது?

கேபிள் நுழையும் மூலையில் வைத்துவிடுவது பொருத்துநருக்கு எளிது, உங்களுக்கு அல்ல. வைஃபை அலை எல்லாத் திசையிலும் பரவுவதால் வீட்டின் நடுப்பகுதியே ரவுட்டருக்கு ஏற்ற இடம். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால், முதலாவதை மூலையிலேயே விட்டுவிட்டு, ஈதர்நெட் கேபிள் மூலம் ரவுட்டரை நடுவே கொண்டுவரலாம். கேட் 5இ வகைக் கேபிள் 100 மீட்டர்வரை நொடிக்கு ஒரு கிகாபிட்டைத் தாங்கும். இரும்பு அலமாரிக்குள்ளும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் மறைத்துவைப்பதைத் தவிருங்கள்.

எவ்வளவு வேகம் உள்ள திட்டத்தை எடுப்பது?

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 மெகாபிட் தாராளமாகப் போதும் என்பது எங்கள் கருத்து. 4கே தரத்தில் ஒரு படம் ஓட 15 முதல் 25 மெகாபிட் ஆகும். முகம் பார்த்துப் பேசும் அழைப்புக்குச் சில மெகாபிட். விளம்பரத்தில் உள்ளது பிட், கணினி காட்டுவது பைட் என்பதையும் மறக்கக் கூடாது: 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். கூடுதல் பணம் தருவதாக இருந்தால் இறக்க வேகத்தைவிட ஏற்ற வேகத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும் படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றுபவருக்கும் அதில்தான் செம்புக்கும் ஃபைபருக்கும் உள்ள வேறுபாடு உடனே புலப்படும்.

சொன்ன வேகம் வரவில்லையே?

வைஃபையில் சோதித்துவிட்டு இணைப்பைக் குறைசொல்ல வேண்டாம். ரவுட்டரில் கேபிளைச் செருகி ஒரு கணினியில் சோதியுங்கள். அங்கே முழு வேகம் வந்தால் குறை வைஃபையில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தூரம் போகும் ஆனால் மெதுவானது, 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது ஆனால் சுவர்களுக்குத் தளரும். கேபிளிலும் 94, 95 மெகாபிட் என்ற எண்ணில் முட்டி நின்றால், வழியில் எங்கோ 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காத பழைய துளையோ, உள்ளே எட்டுக் கம்பிகளுக்குப் பதிலாக நான்கே இணைந்த கேபிளோ இருக்கிறது.

என் சொந்த ரவுட்டரை வைத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலும் முடியும், நிறுவனத்தின் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (பெட்டி தரவைக் கடத்துவதோடு நின்று, ரவுட்டர் வேலையை உங்கள் ரவுட்டரே செய்யும் முறை) மாற்றச் சொல்லி, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்பட்டால் கேட்டு வாங்குங்கள். தொலைபேசித் துளை எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதைக் கழற்றிவிடாதீர்கள்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியவில்லை, ஏன்?

பல நிறுவனங்கள் ஒரு பொது ஐபி முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. ரவுட்டரின் பக்கத்தில் காணும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் நீங்களும் அப்படிப் பகிர்பவரே; வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை. தனி முகவரி கேட்டு வாங்கலாம், அல்லது உற்பத்தியாளரின் சர்வர் வழியே இயங்கும் கேமராவைப் பயன்படுத்தலாம்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது; என்ன செய்வது?

லாஸ் (LOS) என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் பெட்டிக்கு ஒளி வந்துசேரவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்துப் போடுவதால் இது தீராது. பெட்டிக்குப் பின்னால் கேபிள் மடிந்திருக்கிறதா, பெருக்கும்போது இழுபட்டதா என்று முதலில் பாருங்கள். எல்லாம் சரியென்றால் பழுது வெளியே இருக்கிறது. புகார் கொடுக்கும்போது "இணையம் வரவில்லை" என்பதைவிட "லாஸ் சிவப்பாக எரிகிறது" என்று சொன்னால் தேவையற்ற கேள்விகள் குறையும். பான் (PON) என்ற விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், ஒளி வருகிறது, பெட்டி இன்னும் இணைப்பகத்தில் பதிவாகவில்லை.

பெட்டியில் செருகியிருக்கும் இழைக் கேபிளின் பச்சை முனையைப் பிடுங்கி விரலால் துடைத்துச் செருகுவது பழுதைப் பெருக்கும்; 9 மைக்ரோமீட்டர் பாதையை மறைக்க ஒரு துளி வியர்வை போதும். பச்சை முனை 8 பாகை சரிவாகத் தேய்க்கப்பட்டது. நீல முனையோ அப்படியல்ல, எனவே ஒன்றை மற்றொன்றின் துளையில் செருகக் கூடாது. வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வகை என்பதால், இருட்டாகத்தானே இருக்கிறது என்று முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் வேண்டாம்.

பழைய செம்புக் கம்பியையும் மோடத்தையும் என்ன செய்வது?

மோடம் நிறுவனத்தின் உடைமையாக இருந்தால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்; திருப்பவில்லை என்று பின்னால் கட்டணம் வருவதுண்டு. பழைய நிறுவனம் தந்த மின்னஞ்சல் முகவரி ஒன்று பயன்பாட்டில் இருந்தால், கணக்கு மூடப்படுமுன் அதிலுள்ள கடிதங்களை நகலெடுத்து, அதை நம்பியிருக்கும் கணக்குகளில் முகவரியை மாற்றிவிடுங்கள். வெளிக்கம்பி நிறுவனத்துடையது, அதை நீங்களாக வெட்ட வேண்டாம், வீட்டுப் பக்கத்தில் கழற்றிவைத்தால் போதும்.